மானியத்தில் வாங்கிய கருவி மூலையில் தூங்கலாமா?

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் களைக்கு நாள் பார்க்கத் தெரியாது. பத்து நாள் அசந்தால் தென்னந்தோப்பும் வாழைத் தோட்டமும் புல்லுக்குள் போய்விடும். அந்த நேரத்தில் ஆள் கிடைப்பதில்லை என்பதால்தான் பிரஷ் கட்டரும் பவர் வீடரும் வாங்கினீர்கள். மானியம் போக உங்கள் கைக்காசும் அதில் இருக்கிறது. ஆனால், கோடையில் மூலையில் வைத்த கருவியை மழைக்குப் பிறகு எடுத்தால், இருபது முறை கயிறை இழுத்தும் கிளம்ப மாட்டேன் என்கிறது. மெக்கானிக்கைத் தேடி டவுனுக்குப் போனால், சாமான் வர ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். களை அந்த ஒரு வாரம் காத்திருக்குமா?

இப்படி நிற்கும் கருவிகள் பலவும் தேய்ந்து நின்றவை அல்ல. எரிபொருள், காற்று, தீப்பொறி ஆகிய மூன்றில் ஒன்று தடைபட்டு நின்றவை. அதைச் சரிசெய்யும் அறிவு ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தது. டூ-ஸ்ட்ரோக் மொபெட்டும் ஸ்கூட்டரும் ஓடிய நாளில், பெட்ரோல் பங்கிலேயே 2டி ஆயில் கலந்து ஊற்றினார்கள். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவது வண்டி வைத்திருந்த எல்லோருக்கும் கைவந்த வேலை. அந்த வண்டிகள் சாலையிலிருந்து மறைந்தபோது அந்தப் பழக்கமும் மறைந்தது. இன்று அதே டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் பிரஷ் கட்டராகவும் செயின் சாவாகவும் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயராகவும் வயலுக்குத் திரும்பியிருக்கிறது. அதைப் பராமரிக்கும் பழக்கம் மட்டும் கூடவே திரும்பவில்லை.

முதலில், உங்கள் கருவி எந்த வகை என்று பாருங்கள். எஞ்சின் ஆயில் ஊற்றத் தனி மூடியும் அளவுக் குச்சியும் இருந்தால் அது ஃபோர்-ஸ்ட்ரோக். அதற்குக் கலக்காத பெட்ரோல்தான். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலுக்குத் தனி இடம் கிடையாது. பெட்ரோலில் கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கு உயிர். வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடும். 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி. 40-க்கு 1 என்றால் 25 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கண் அளவு வேண்டாம்; மருந்துப் பாட்டிலின் அளவு மூடி போதும். டிராக்டரில் வடித்த பழைய ஆயிலை இதில் கலக்கவே கூடாது.

அடுத்தது, பெட்ரோலே மாறிவிட்டது. 2022-இல் நாடு முழுவதும் 10 சதவீதம் எத்தனால் கலப்பை எட்டினோம். 2025-இல் அது 20 சதவீதமாகிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்கால ஈரம் அதிகமாகச் சேர்ந்தால், தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். டேங்குக்குள் பெட்ரோலை உறிஞ்சும் குழாயும் அடியில்தான் கிடக்கிறது. ஆயில் மேலேயே பெட்ரோலோடு நின்றுவிட, எஞ்சின் அடியில் உள்ளதைக் குடிக்கும். பழைய கருவிகளின் ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வையும் எத்தனால் கெடுக்கும். பல சிறு எஞ்சின்களின் கையேடு 10 சதவீதம் வரை கலந்த பெட்ரோலையே அனுமதிக்கிறது. உங்கள் கருவிக்கு என்ன வரம்பு என்று விற்றவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இதற்கு எளிய காப்பு உண்டு. ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்து வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த கலவையை ஊற்றாதீர்கள். இரண்டு மூன்று வாரம் வேலை இல்லை என்றால், டேங்கைக் காலி செய்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதும் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இந்த ஐந்து நிமிட வேலைதான் அடுத்த பருவத்தில் உங்கள் கயிறு இழுக்கும் கையைக் காப்பாற்றும்.

மற்றவை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே செய்யக்கூடியவை. புழுதியில் வேலை செய்த நாளெல்லாம் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஸ்பாஞ்ச் வகை என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டலாம். காகித வகையைத் தட்டித்தான் சுத்தம் செய்ய வேண்டும். பிளக் முனை இளம் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலம். கறுப்பாகப் பிசுபிசுத்தால் ஆயில் அதிகம் அல்லது ஃபில்டர் அடைப்பு. வெளுத்திருந்தால் எஞ்சின் அதிகமாகச் சூடாகிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தும் வேகம் ஏறவில்லை என்றால், சைலன்சர் வாயில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரஷ் கட்டர் தலையிலுள்ள கியர் பெட்டிக்கு கிரீஸ் வைக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃபோர்-ஸ்ட்ரோக் பவர் வீடரில் ஆயில் அளவைத் தினமும் சமதரையில் வைத்துப் பார்க்க வேண்டும். செயின் சா, மரத்தில் துருவல் தள்ளாமல் மாவாகத் தூவினால் சங்கிலிப் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். உருட்டு அரத்தால் தீட்டுங்கள். அழுத்தி அறுத்தால் கருவியும் கெடும், ஆளுக்கும் ஆபத்து.

எதைத் தொடுவதானாலும் முதலில் பிளக் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஊற்றிய இடத்திலேயே கிளப்பாமல் நாலு எட்டுத் தள்ளிப் போய்க் கிளப்புங்கள்.

இவ்வளவும் உழவர் செய்யலாம். டயாபிரமும் ஸ்டார்ட்டர் கயிறும் கிளட்சும் கிடைக்கச் செய்வது யார் பொறுப்பு? வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15 முதல் நடக்கிறது. பொதுவாக 40 சதவீதம், சிறு, குறு, மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடியின உழவர்களுக்கு 50 சதவீதம் என மானியம் கிடைக்கிறது. அந்த அக்கறை, கருவி கைக்கு வந்து பட்டியல் முடிவதோடு நின்றுவிடக் கூடாது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது, கைபேசி, வாகனம், வீட்டுச் சாதனங்களோடு வேளாண் கருவிகளையும் சேர்த்தது. அந்த உரிமை வட்டார அளவில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மானியப் பட்டியலில் இடம்பெறும் ஒவ்வொரு நிறுவனமும் தமிழில் கையேடு தர வேண்டும். அடிக்கடி தேய்கிற சாமான்களை மாவட்டத்துக்குள் இருப்பு வைக்க வேண்டும். ஒப்படைக்கும் நாளில் கலவை போட்டு, பிளக் கழற்றி, உழவர் கையாலேயே செய்து காட்டவைக்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை இதை நிபந்தனையாக்கலாம். வேளாண் அறிவியல் நிலையங்களும் ஐ.டி.ஐ.க்களும் ஊருக்கு ஓர் இளைஞருக்கோ மகளிர் குழு உறுப்பினருக்கோ இந்தத் தொழிலைக் கற்றுத் தரலாம். விரிவாக்கப் பணியாளர்களே, அடுத்த செயல்விளக்கத்தில் கருவியை ஓட்டிக் காட்டுவதோடு, அதைப் பிரித்து மாட்டியும் காட்டுங்கள்.

உழவர்களே, இனிக் கருவி வாங்கப் போகும்போது எத்தனை குதிரைசக்தி என்று கேட்பதற்கு முன், "சாமான் எங்கே கிடைக்கும், பழுது பார்ப்பவர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார்" என்று கேளுங்கள். விலை கொஞ்சம் கூடுதலானாலும், பக்கத்தில் பழுது பார்க்க முடிகிற கருவியே மலிவான கருவி. வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், மழை இறங்கும் முன் இந்த வாரமே வெளியே எடுத்து, பழைய பெட்ரோலை வடித்துவிட்டு ஒருமுறை கிளப்பிப் பாருங்கள்.