கட்டணம் இல்லை, உழைப்பு உண்டு

திருவண்ணாமலையில் தாய் பேசி அனுப்பும் வாட்ஸ்அப் குரல்செய்தி, வளைகுடாவில் பணிபுரியும் மகனை நொடிகளில் அடைகிறது. அவ்வொலியைச் சுருக்கித் தருவது 'ஓபஸ்' என்னும் நுட்பம். ஜான்-மார்க் வாலின் உள்ளிட்டோர் உருவாக்கிய அதனை, இணையப் பொறியியல் பணிக்குழு 2012இல் பொதுத் தரமாக வெளியிட்டது. குறுவட்டுத் தரத்தில் ஒரு மணி நேர பயான் ஏறத்தாழ 635 மெகாபைட். ஓபஸ், நொடிக்கு 24 கிலோபிட் வீதத்தில், அதனை 11 மெகாபைட்டுக்குள் அடக்கிவிடும். பேச்சும் தெளிவாகவே கேட்கும். அதன் மூல நிரல் அனைவருக்கும் திறந்திருக்கிறது. உரிமக் கட்டணமும் இல்லை.

கட்டணம் இல்லாததால் உழைப்பும் இல்லை என்று நாம் எண்ணிவிடலாகாது. பிழை களையவும், புதிய கருவிகளில் சோதிக்கவும் ஆட்கள் வேண்டும். பொதுக் கிணற்றில் நீர் இறைப்போர் பலர். தூர் வார வருவோர் சிலரே.

பிறர் பயன்பெறும் கல்வியை விட்டுச்செல்வது நிலையான தர்மம் என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். கணினி பயிலும் பிள்ளைகள், குறைந்த வீதத்தில் சுருக்கிய தமிழ்ப் பேச்சில் ழகரமும் ளகரமும் பிரிந்து கேட்கின்றனவா எனச் சோதித்து, கண்ட குறையை உருவாக்குநர்களுக்கு எழுதட்டும். வசதியுள்ளோர் இத்தகைய திறந்தமூலப் பணிகளுக்குப் பொருளுதவி செய்யட்டும். நீர் அருந்திய நாமும் ஒரு கூடை சேறு அள்ளுவோம், இன்ஷா அல்லாஹ்.