தடித்த தகடு தப்புக் கணக்கு

“மூணு மில்லி தகட்டைத் துருவின் மேலேயே வைத்து ஒட்டு, சேஸிஸ் அசையாது” என்கிறார் நண்பர். இதை நம்பி யாரும் வெல்டிங் மெஷினைத் தொடவேண்டாம்.

அவர் பேசும் எம்ஜிபி ரோட்ஸ்டர், 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் செய்த கார். அதற்குத் தனி சேஸிஸே கிடையாது. பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. கூரையும் இல்லை என்பதால், கதவுக்கு அடியில் ஓடும் சில் பெட்டிதான் முதுகெலும்பு. மெல்லிய பாடித் தகட்டில் தடித்ததை ஏற்றினால் மெல்லியது உருகி ஓட்டை விழும். தப்பினாலும், இரண்டும் சேரும் ஓரத்தில் பிறகு விரிசல் விடும். துருவின் மேல் வைத்த வெல்டோ ஊசித்துளைகளோடு நிற்கும். வெள்ளை இரும்பு தெரியும்வரை கிரைண்டர் ஓட்டியே தீரவேண்டும்.

கதவு வாசலுக்கு இரும்புக் குழாய் முட்டுக் கொடுக்காமல் சில்லை வெட்டிய ஒரு காரைப் பார்த்தேன். நடுவில் தொய்ந்து, கதவின் பின்னிடைவெளி மேலே நெருங்கி, பூட்டு விழவே இல்லை.

வீட்டில் செய்யலாம், தாராளமாக. பெட்ரோல் டாங்கைக் கழற்றி வெளியே வையுங்கள், பேட்டரி இணைப்பை எடுங்கள், பழைய தகட்டின் தடிமனிலேயே புதியதை வாங்குங்கள். முட்டுக் கொடுத்த பிறகே வெட்டுங்கள்.