கணக்கைக் காட்டச் சொல்லுவோம், வாருங்கள்!

லகாட் தோழர்களே! மெங்லெம்பு, பாப்பான், பூசிங், பத்து காஜா வரை பரந்திருக்கும் உறவுகளே!

பதினான்கு நாள். நம் கையில் இருப்பது அவ்வளவுதான்.

கடனுக்கு நம் மேல் வழக்குப் போட்டு ரிட் சமன் வந்து சேர்ந்தால் 14 நாளுக்குள் ‘மெமோராண்டம் கெஹாடிரான்’ என்ற தாளை நீதிமன்றத்தில் சேர்க்க வேண்டும். “நான் இருக்கிறேன், இந்த வழக்குக்கு வருகிறேன்” என்று சொல்லும் தாள் அது. அதைச் சேர்க்காவிட்டால், கடன் உண்மையா, தொகை சரியா, வட்டி எப்படி ஏறியது என்று நம் பக்கத்திலிருந்து கேட்க ஆளில்லை. ‘பெங்ஹாக்கிமான் இங்கார்’ வந்துவிடும். ஆள் வராத தீர்ப்பு. சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, தோற்றது நாம்.

எங்கள் வரிசையில் ஓர் அண்ணன் இருக்கிறார். தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் கைமாறிய பிறகு ஒரு தொழிற்சாலை வாசலில் இரவுக் காவலுக்கு நிற்கிறார். தவணையில் மோட்டார் வாங்கினார். அண்ணிக்கு உடம்புக்கு முடியாமல் போன வருடம் தவணை தவறியது. மோட்டாரை வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். அத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைத்திருந்தார். சில வருடம் கழித்து பாக்கி, வட்டி, வழக்குச் செலவு எல்லாம் சேர்ந்து ஒரு தீர்ப்பாகவே அவர் முன் வந்து நின்றது.

சமன் எங்கே போனது? அவருடைய ஐசியில் இன்னமும் தோட்டத்து முகவரிதான். லயத்தை இடித்துப் பல வருடம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. பதிவுத் தபால் அந்த முகவரிக்குத்தான் போயிருக்கிறது. “நான் ஓடிப்போகலையே தம்பி. கூப்பிட்டிருந்தா லீவு போட்டுட்டுப் போயிருப்பேனே” என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

இதில் விதியை மீறியவர் யாரும் இல்லை, தோழர்களே. அதுதான் கொடுமை. தெரிந்த கடைசி முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பலாம் என்று விதி இருக்கிறது. அதுவும் சேரவில்லை என்றால் மாற்று ஆணை வாங்கி, நீதிமன்ற அறிவிப்புப் பலகையிலும் பழைய வீட்டுக் கதவிலும் ஒட்டலாம். கதவே இல்லாத முகவரிகளில் வாழ்ந்தவர்கள் நாம். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய லம்பங்கள் மூடின, தோட்டங்கள் தாமான்களாயின. நாம் இடம் மாறினோம், ஐசி மாறவில்லை.

“சிறு கோரிக்கை நீதிமன்றம் என்று ஒன்று இருக்கிறதே, அங்கே எளிதாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93-ஆவது ஆணைப்படி, 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 198-ஆம் எண் பாரத்தில் எழுதி, வக்கீல் வைக்காமலே மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோகலாம். ஆனால் அங்கே வழக்குப் போடும் உரிமை தனிமனிதருக்குத்தான். முன்பணம் வாங்கிக்கொண்டு கூரை வேலையைப் பாதியில் விட்டவர் மேல் நீங்கள் போடலாம். கம்பெனி அந்தக் கதவால் நுழைய முடியாது. அதனால் 3,000 வெள்ளி பாக்கிக்கும் அது பெரிய கதவால் வருகிறது. ஒரு லட்சம் ரிங்கிட் வரை விசாரிக்கும் அதே மாஜிஸ்திரேட் நீதிமன்றம், வக்கீல், கட்டுக் கட்டாக மனு, மலாய்ச் சட்டமொழி, கெடுவுக்கு மேல் கெடு. சிறியவர் வழக்குப் போடத்தான் எளிய வழி திறந்திருக்கிறது. சிறியவர் மேல் வழக்கு வந்தால் அந்த எளிமை காணாமல் போகிறது.

இது நமக்கு மட்டும் நேரும் சங்கதி அல்ல. அமெரிக்காவின் பியூ அறக்கட்டளை 2020-இல் வெளியிட்ட அறிக்கை, கணக்குக் கிடைத்த மாநிலங்களில் கடன் வசூல் வழக்குகளில் 70 விழுக்காட்டுக்கு மேல் இப்படி ஆள் வராத தீர்ப்பாகவே முடிந்தன என்கிறது. வழக்குப் போட்டவர்களில் அநேகமாக எல்லாருக்கும் வக்கீல் இருந்தார். போடப்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. பணக்கார நாட்டிலேயே நாற்காலி காலியாகக் கிடந்தால் லகாட்டில் என்ன நடக்கும்?

எங்கள் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. தோட்டக் கடையில் சாமான் வாங்கிய ஒவ்வொரு தடவையும் லயத்துச் சமையல் சுவரில் அடுப்புக் கரியால் ஒரு கோடு இழுப்பார். அரிசிக்கு நீளக் கோடு, கருவாட்டுக்குக் குட்டைக் கோடு, மண்ணெண்ணெய்க்கு ஒரு புள்ளி. சம்பள நாளில் கடைக்காரர் புத்தகத்தைப் பிரித்து ஒரு தொகையைச் சொன்னால், “என் சுவத்தைப் பாத்துட்டுச் சொல்லு” என்று அவரைக் கையோடு வீட்டுக்கு இழுத்துவந்து நிறுத்துவார். எல்லாத் தடவையும் பாட்டி ஜெயித்ததில்லை. ஆனால் கடைக்காரர் வந்து நின்றார், எண்ணினார், பதில் சொன்னார்.

நாம் கேட்பதும் அவ்வளவுதான். வாங்கிய கடனைத் திருப்பாதே என்று சொல்ல இந்த அறைகூவல் எழுதப்படவில்லை. கடன்காரன் என்ற சொல் நம் வீடுகளில் எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். வாங்கியதைக் கட்டுவோம். கட்டுவதற்கு முன் கணக்கைக் காட்டு என்போம்.

காட்டச் சொல்லும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 1953-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் 6 வருடம்தான் தருகிறது. ஆனால் காலம் கடந்துவிட்டது என்று எதிர்வாதத்தில் நாமே எழுதிச் சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு அந்தச் சட்டம் உதவாது. “சும்மா ஒரு ஐம்பது வெள்ளி கட்டி வையுங்கள்” என்று வசூல்காரர் தேனாகப் பேசினால் உஷார்! அந்த ஐம்பது வெள்ளி 6 வருடக் கணக்கைப் புதிதாகத் தொடங்கிவைக்கக் கூடும்.

வட்டிக்கடை என்றால் 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, அடமானக் கடனுக்கு 12. அதற்கு மேல் கேட்க முடியாது. லைசென்ஸ் இல்லாத ஆலோங்கின் ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லாது. தவணை வண்டிக்கு நாலில் மூன்று பங்குக்கு மேல் கட்டியிருந்தால், நீதிமன்ற ஆணை இல்லாமல் அதை இழுத்துப்போகக் கூடாது. எட்டாயிரம் வெள்ளிக்குத் திவாலாக்கிவிடுவேன் என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். 2021 முதல் திவால் வரம்பு ஒரு லட்சம் ரிங்கிட்.

நீதிமன்றப் படி ஏறப் பயமா? நம் பக்கத்துப் புக்கிட் மேராவை நினைத்துப் பாருங்கள். அரிய மண் ஆலையின் கதிரியக்கக் கழிவுக்கு எதிராக 1985-இல் சாதாரண ஜனங்கள் ஈப்போ உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வருடக்கணக்கில் போய் உட்கார்ந்தார்கள். 1992 ஜூலை 11-இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994-இல் ஆலை மூடிக்கொண்டது. தாளில் கடைசியாகத் தோற்றவர்கள் மண்ணில் ஜெயித்தார்கள். காரணம், நாற்காலியைக் காலியாக விடவில்லை.

நாம் கேட்பவை மூன்று. ஒன்று: அசல் எவ்வளவு, கட்டியது எவ்வளவு, வட்டி எவ்வளவு, கடன் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற விவரம் இல்லாமல் ஆள் வராத தீர்ப்புக் கொடுக்கக் கூடாது. இரண்டு: வழக்குப் போட்டவர் அனுப்பும் சமன் போதாது, நீதிமன்றமே தனியாக ஒரு அறிவிப்பு அனுப்ப வேண்டும். இது நடக்காத காரியம் அல்ல, நியூயார்க் மாநிலம் 2021-இல் சட்டமாக்கியது. மூன்று: சமனோடு ஒரு பக்கம் தமிழிலும் சீனத்திலும் விளக்கம் இருக்க வேண்டும். 2025-இல் நம் நாடாளுமன்றம் நுகர்வோர் கடன் சட்டத்தை நிறைவேற்றியது. கடன் வசூல் நிறுவனங்களும் அதன் கண்காணிப்புக்குள் வருகின்றன. நல்லது. வசூல்காரரின் வாயைக் கட்டினால் மட்டும் போதாது, நீதிமன்ற வாசலிலும் மாற்றம் வேண்டும்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க நமக்கு நேரமில்லை. இந்த வாரமே செய்ய வேண்டியவை:

ஐசியில் பழைய முகவரி உள்ளவர்கள் ஜேபிஎன்னுக்குப் போய் மாற்றுங்கள். போக முடியாத முதியவர்களை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

அலமாரிக்கு மேலும் சாமி படத்துக்குப் பின்னாலும் செருகிவைத்திருக்கும் திறக்காத கடுதாசிகளை எடுங்கள். தீர்ப்பே வந்திருந்தாலும் கை நழுவிப் போகவில்லை; தீர்ப்பு கையில் கிடைத்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்ய மனுப் போடலாம்.

ஈப்போவில் சட்ட உதவித் துறை இருக்கிறது. கடனை ஒழுங்குபடுத்த 2006 முதல் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக ஆலோசனை சொல்கிறது. கூச்சப்படாமல் போங்கள்.

ஈப்போவிலோ பத்து காஜாவிலோ வழக்கு நாள் வந்தால் யாரும் தனியாகப் போகக் கூடாது. மலாய் நன்றாகப் படிக்கத் தெரிந்த தம்பி தங்கைகளே, உங்கள் பெயரைக் கொடுங்கள். மாதத்தில் ஒரு காலைப் பொழுது போதும். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கோயில் பின்மண்டபத்தில் கூடுகிறோம். சமன், ரசீது, பேங்கு சிட்டை, தவணை அட்டை, வசூல்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, எது இருந்தாலும் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துவாருங்கள். மங்கிப்போன ரசீதையும் எறியாதீர்கள்.

பாட்டியின் சுவர் லயத்தோடு இடிந்துபோனது. கோடு போடும் கை நம்மிடம் இருக்கிறது. அந்த அண்ணன் முதல் ஆளாக வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவரைத் தனியாக உட்காரவைக்காதீர்கள்.