தெருவுக்கு ஒரே கேபிள்காரர்... நமக்கு சாய்ஸ் எங்கே?

சர்வீஸ் பிடிக்கலைன்னா, நம்பரை மாத்தாமலே சிம் கம்பெனியை மாத்தலாம். 2011-லிருந்து நாடு முழுக்க இந்த வசதி இருக்கு. ஆனால், கேபிள்?

பெரும்பாலான தெருக்களில் ஒரே ஆபரேட்டர்தான். 2011-ல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தபோது மாதக் கட்டணம் குறைந்தது, உண்மை. ஆனால் மேலிருந்து சிக்னல் கொடுக்கும் நிறுவனம்தான் மாறியது. வீட்டுக்கு வயர் இழுத்தவர் மாறவில்லை. இது போட்டி இல்லை, ஆள் மாற்றம்.

டி.டி.எச்-க்குப் போகலாமே என்பீர்கள். போகலாம்தான். பழைய செட்டாப் பாக்ஸைத் தூக்கிப் போட்டுட்டு புதுசுக்குக் காசு கட்டணும்.

ஒரு கேபிள் நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொரு கேபிள் நிறுவனத்திலும் வேலை செய்ய வேண்டும் என 2020-லேயே டிராய் பரிந்துரைத்தது. மத்திய அரசு இதைக் கட்டாயமாக்கணும். ‘வேற ஆளைப் பார்த்துக்கிறேன்’ என்று சொல்ல முடிந்தால்தான் நாம் வாடிக்கையாளர்!