சாவிக்கொத்துக்குக் கிடைக்கும் நல்ல பெயர்

பேருந்து நிலையத்தில் ஒருவர் திடீரென்று சாய்கிறார். கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. வாயில் நுரை. நாற்பது பேர் கூடிவிடுகிறார்கள். "காக்கா வலிப்புப்பா... யார்கிட்டயாவது இரும்பு இருக்கா?" ஒருவர் சாவிக்கொத்தை எடுத்து நீட்ட, இன்னொருவர் விழுந்தவரின் விரல்களைப் பிரித்து உள்ளே திணிக்கிறார். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நிற்கிறது. "பார்த்தீங்களா, இரும்பு பட்டதும் நின்னுடுச்சு!" கூட்டம் திருப்தியோடு கலைகிறது.

இதில் சாவி செய்தது என்ன? ஒன்றுமே இல்லை. மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின்துடிப்புகளால்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவற்றில் ஒரு கூட்டம் கட்டுப்பாடில்லாமல் ஒரே நேரத்தில் துடிப்பதுதான் வலிப்பு. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் தாமாகவே அடங்கிவிடும். சாவியைத் தேடிக் கையில் கொடுக்கவும் அவ்வளவு நேரம்தான் ஆகிறது. சாவிக்குப் பதில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்திருந்தாலும் வலிப்பு நின்றிருக்கும்! (காகத்துக்கும் இந்த நோய்க்கும்கூட எந்தச் சம்பந்தமும் இல்லை. கால்கை வலிப்பு என்பதுதான் பேச்சில் மருவி காக்காய் வலிப்பு ஆனது என்பார்கள்.)

போகட்டும், ஒரு சாவிதானே, நம்பிவிட்டுப் போகிறார்கள் என்று விட்டுவிடலாமா? முடியாது. இதே கணக்குதான் வீட்டுக்குள்ளும் நடக்கிறது. அங்கே அது உயிரை வாங்குகிறது.

எதுவும் செய்யாத இரும்புக்கு எல்லோர் கண்முன்னும் பெயர் கிடைக்கிறது. உண்மையில் வேலை செய்யும் மாத்திரைக்கோ அந்தப் பெயர் கிடைப்பதே இல்லை. காரணம், மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே எதுவும் நடக்காமல் இருப்பதுதான். ஆறு மாதம் வலிப்பு வராவிட்டால் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "சரியாப் போச்சு, இனிமே எதுக்கு மாத்திரை? சூடு வேற." நிறுத்துகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பி வரும். சில சமயம் நிற்காமல் தொடர்ந்து வந்து ஆளையே கொன்றுவிடும். பிழைத்து எழுந்தால் அடுத்த தீர்ப்பு: "இங்கிலீஷ் மருந்து கேட்கலை." அப்புறம் மந்திரிப்பு, தாயத்து. அதன் பிறகு இரண்டு மாதம் வலிப்பு வராமல் இருந்தால் தாயத்துக்குப் பெயர்!

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் இவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும். ஆனால் ஏழை நாடுகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தேவையான சிகிச்சை கிடைப்பதில்லை. இத்தனைக்கும் இவை நேற்று வந்த மருந்துகளா? பினோபார்பிட்டால் 1912-லிருந்தும், பெனிட்டாயின் 1938-லிருந்தும் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் விலை மலிவானவை.

மாத்திரையை நிறுத்த வைக்கும் இன்னொரு காரணம், வெட்கம். இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-ல் செய்த திருத்தம், அடிக்கடி வலிப்பு வருவதையும் மனநோயோடு சேர்த்துத் திருமணத்துக்குத் தடையாக வைத்தது. 1999-ல் அந்தச் சொல்லை நீக்கினார்கள். சட்டம் மாறிவிட்டது, பெண் பார்க்கும் கூடம் மாறவில்லை. நோயை மறைத்துக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். புகுந்த வீட்டில் மாத்திரை அட்டையை எங்கே ஒளித்து வைப்பாள்? நிறுத்துகிறாள். வலிப்பு வருகிறது. "ஏமாத்திட்டாங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அவளைக் கைவிட்டது நோயா, மறைத்த பொய்யா? கர்ப்பக் காலத்தில் ஆபத்தான மாத்திரைகளும் உண்டு, அவற்றை முன்கூட்டியே மாற்றிக் கொடுக்க மருத்துவரால் முடியும். மறைத்தால் அதுவும் நடக்காது.

சரி, யாரிடம் போவது? நரம்பியல் மருத்துவரிடம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போகலாம். மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கும். ஸ்கேனைவிட முக்கியமானது, பக்கத்தில் இருந்து பார்த்தவரின் வாய்மொழி. எந்தப் பக்கம் முதலில் இழுத்தது, கண் திறந்திருந்ததா, எத்தனை நிமிடம் நீடித்தது? செல்போனில் எடுத்த வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. மூளை மின்னலை வரைபடம் சரியாக இருக்கிறது என்பதற்காக நோய் இல்லை என்று ஆகிவிடாது. எல்லா வலிப்பும் விழுந்து துடிப்பதும் அல்ல. வகுப்பில் சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் விழிக்கும் பையனுக்கும் வலிப்பு இருக்கலாம். அவனுக்குக் கிடைப்பதோ கவனக்குறைவுக்கான அடி.

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் அடங்காவிட்டால், வலிப்புக்கென்றே உள்ள சிறப்பு மையத்துக்குப் போக வேண்டும். சிலருக்கு அறுவை சிகிச்சையே வழி. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதல் அது நடக்கிறது. பத்து வருடம் மருந்து கேட்காமல் விழுந்து விழுந்து எழுந்த பிறகுதான் பலர் அங்கே போகிறார்கள். அந்தப் பத்து வருடத்தில் படிப்பும் வேலையும் போய்விடும்.

மருந்தை என்றைக்குமே நிறுத்த முடியாதா? பலருக்கு முடியும். ஆனால் குறைந்தது இரண்டு வருடமாவது வலிப்பு இல்லாமல் இருந்த பிறகு, மருத்துவர் பார்த்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். பக்கத்து வீட்டு மாமா சொல்லி நிறுத்தக் கூடாது.

மறுபடியும் பேருந்து நிலையத்துக்கு வருவோம். அந்த நாற்பது பேரில் ஒருவர் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம்தான். தலைக்கடியில் மடித்த துண்டு. இறுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில் கரண்டி, தண்ணீர் எதுவும் கூடாது. இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐக் கூப்பிட வேண்டும். அதற்குத் தேவை கைக்கடிகாரம். சாவிக்கொத்து சட்டைப்பையிலேயே இருக்கட்டும், வீட்டுக்குப் போய்க் கதவைத் திறக்க உதவும்.