கடல் புறாவை ஒருவழியா கரை சேர்த்தாச்சு



போன வெள்ளிக்கிழமை அன்னதானப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, சாண்டில்யனின் ‘கடல் புறா’ மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்தோம். கைதட்ட இருந்தது நாங்கள் ஆறே பேர்தான். இருந்தாலும் எங்களுக்கு அது பெரிய காரியம்.

எங்களில் பாதிப் பேர் இந்த நாவலை இரண்டு மூன்று தடவை தொடங்கிப் பாதியில விட்டவங்க. ஐந்தாம் படிவம் முடிச்ச காலத்துல ஒரு தடவை, பிகேபி காலத்துல ஒரு தடவை. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்துக்கிட்டுப் படிச்சா, பத்தாவது பக்கத்துல புத்தகம் மூஞ்சியில விழும். கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தையே எங்களால தாண்ட முடியல.

இந்தத் தடவை ஆளுக்கு நாலு பக்கம், சத்தமா வாசிச்சோம். வாரம் ஒரு மணி நேரம். கண்ணுக்குச் சிக்காத நீள வாக்கியமெல்லாம் காதுக்கு நல்லாவே பிடிபட்டது. கதாநாயகியோட அழகை வர்ணிக்க ஆரம்பிச்சா ஆசிரியர் லேசுல நிறுத்த மாட்டார். எங்க சமையற்கட்டு அக்கா ஒருத்தர், “தம்பி, இடுப்பு போதும், கப்பலுக்கு வா” என்பார். ஒன்றேகால் வருஷம் ஓடிப்போச்சு.

நடுவில் ஒரு பெரியவர், “கோயில் மண்டபத்துல காதல் கதையா?” என்று கேட்டார். மனசு கொஞ்சம் வலிச்சது. ஐயா மேல மரியாதை உண்டு. சின்னப் பிள்ளைங்க இருந்தா சில பக்கங்களைத் தாண்டித்தான் வாசிச்சோம், அந்த அளவுக்கு அவர் சொன்னது சரி. ஆனா கிழவர் வேஷம் போட்டுத் தினைப்புனத்துக்குப் போன முருகனுக்குத்தானே வருஷா வருஷம் திருக்கல்யாணம் பண்ணி வைக்கிறோம்? கருணாகரத் தொண்டைமான் கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியை விரும்பினா மட்டும் மண்டபத்துக்குத் தீட்டா? அதை எங்களால ஒத்துக்க முடியல.

இன்னொரு பக்கமும் இருக்கு. குழுவிலுள்ள இளைஞர் ஒருத்தர் நாவலில் வந்ததெல்லாம் சரித்திரம் என்றே நம்பி, புலனத்துல அனுப்ப ஆரம்பிச்சிட்டார். ராஜேந்திர சோழர் 1025-ல் கடாரத்தின் மீது படையெடுத்தது மெய்க்கீர்த்தியிலேயே இருக்கு. கருணாகரத் தொண்டைமானும் கலிங்கத்துப்பரணியில் வருகிற தளபதிதான். அநபாயன் 1070-ல் பட்டமேறிய முதலாம் குலோத்துங்கன். காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும் ஆசிரியரின் கற்பனை. இதைப் பிரிச்சுச் சொல்ல நாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில பசியாறிட்டு, வேன் எடுத்துக்கிட்டு கெடா மெர்போக் போனோம்.

லெம்பா பூஜாங்கில், குனோங் ஜெராய் அடிவாரத்தில், சண்டி புக்கிட் பத்து பஹாட் இருக்கு. 1960-ல் சீரமைச்ச பழைய கோயில் அது. கூரை இல்லை, கருங்கல் அடித்தளம்தான். அரண்மனையை எதிர்பார்த்து வந்த அந்தத் தம்பி ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டார். அதற்குப் பிறகு புலனத்துல எதையும் கேட்காம அனுப்புறதில்லை.

அடுத்தது ‘சிவகாமியின் சபதம்’, நாலு பாகம். முதல் பாகம் மட்டும் எங்ககிட்ட இல்லை. யார் வீட்டு அலமாரியிலாவது இருந்தா, வெள்ளிக்கிழமை வரும்போது கொண்டு வாங்க. அட்டை போட்டுத் திருப்பித் தந்துடுவோம். அந்தப் பெரியவருக்கும் முன்வரிசையில நாற்காலி போட்டு வைக்கிறோம்.