மாட்டுக் கொட்டகையிலிருந்து மண்டோர் வேலைக்கு

கங்காணி என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பல நினைவுகள் வரும். கண் கொண்டு காணுகிறவர் கண்காணி. அதுவே நாக்கில் புரண்டு கங்காணி ஆயிற்று. தமிழகத்திலிருந்து ஆள் சேர்த்து வந்த கங்காணி முறை 1938-இல் இந்திய அரசின் தடையோடு முடிந்தது. பிறகு மண்டோர் வந்தார். இப்போது 'பெஞெலியா' என்கிறார்கள், சூப்பர்வைசர் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் பத்துப் பேர் வேலையைக் கண்ணால் பார்த்து, அதற்குப் பொறுப்பு ஏற்கிறவர் அவர்.

மாட்டுப் பண்ணையில் வேலை செய்யும் நம்மவர்கள் அந்தப் பொறுப்புக்கு உயர்வது எப்படி? இந்த முறை அதைப் பேசுவோம்.

பாசிர் பெனம்பாங் என்றால் வெளியூர்க்காரருக்கு ஆற்றோரப் படகும் மீனும் இறாலும்தான் நினைவுக்கு வரும். ஆற்றை விட்டு உள்ளே வந்தால் செம்பனை. நம் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. தோட்டத்துப் பெயரிலேயே தமிழ் இருக்கிறது. அந்த லயங்களுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையும் இருந்தது. பால்மரம் வெட்டிவிட்டு வந்து பால்மாடு கறந்த தாய்மார்கள்தாம் எத்தனை பிள்ளைகளின் பள்ளிச் செலவைக் கட்டினார்கள்!

நம் முன்னோர் வளர்த்த அந்த மாட்டுக்கு ஆய்வாளர்கள் 'உள்நாட்டு இந்தியப் பால்மாடு' என்றே பெயர் வைத்தார்கள். பின்னர் பிரீஷியனையும் சாகிவாலையும் கலந்து 'மாஃப்ரிவால்' என்ற மலேசிய இனம் வந்தது. மாடு மாறியது. மாட்டைத் தெரிந்த கை நம் கையாகவே இருந்தது.

ஆனால் இன்று பண்ணைகளில் காணும் காட்சி என்ன? இருபது வருடம் மாட்டோடு பழகியவர் சாணம் அள்ளிக்கொண்டிருக்கிறார். சான்றிதழோடு வந்த இளைஞர் அவருக்கு மேலாளர். அந்த இளைஞரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் படித்தார், வந்தார். நம்மவருக்கு ஏன் அந்தத் தாள் இல்லை என்பதே கேள்வி. என்னிடம் படித்த ஒருவர் சொன்னார்: "சார், மாட்டைப் பத்தி என்கிட்ட எது வேணும்னாலும் கேளுங்க. போராங்கை நீட்டினாத்தான் கை நடுங்குது."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உண்மைதான். அதே சமயம், காய்த்த சுரைக்காயை ஏட்டில் ஏற்றாவிட்டால் கணக்கில் அது இல்லை என்பதும் இந்தக் காலத்து உண்மை.

மேற்பார்வையாளருக்கு வேண்டியவை மூன்று என்று சொல்வேன். முதலாவது கண். பசு பருவத்துக்கு வருவது ஏறத்தாழ 21 நாளுக்கு ஒரு முறை. மற்ற மாடு மேலே ஏறும்போது விலகாமல் நிற்பதும், தெளிந்த கண்ணாடி போன்ற ஒழுக்கும், ஓயாத கத்தலும் அதன் அடையாளங்கள். விடியலிலும் அந்தியிலும் நன்றாகத் தெரியும். காலையில் கண்டால் மாலையில் சினை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில். தவறவிட்டால் மூன்று வாரத் தீவனம் வீண். இந்தக் கண் நம்மவர் பலருக்கு ஏற்கெனவே உண்டு.

இரண்டாவது ஏடு. ஊசி போட்ட தேதியை எழுதினால், 21 நாள் கழித்து எந்த மாட்டைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே பால் வற்றச் செய்ய வேண்டும். தேதி இல்லாமல் இதை எப்படிச் செய்வது? மடிநோய்க்கு மருந்து போட்ட மாட்டின் பாலை, மருந்துப் புட்டியில் குறித்திருக்கும் நாள்வரை விற்கக்கூடாது. ஒரு மாட்டுப் பால் தவறிக் கலந்தால் தொட்டிப் பால் முழுவதும் கொட்ட வேண்டியதுதான். 2013-இல் வந்த மைகேப் என்ற பண்ணைத் தரச் சான்றும் எழுதிவைத்த பதிவுகளைக் கேட்கிறது. மனத்தில் வைத்த கணக்கை அதிகாரி எப்படிப் பார்ப்பார்?

மூன்றாவது வாய், அதாவது சொல்லிக் கொடுப்பது. நல்ல தொழிலாளி பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். "நீ தள்ளு, நானே செய்கிறேன்" என்று வாளியைப் பிடுங்குகிறவர் மேற்பார்வையாளர் ஆகமாட்டார். இன்று கொட்டகையில் பக்கத்தில் நிற்பவர் இந்தோனேசியராகவோ வங்காளதேசத்தவராகவோ இருக்கலாம். மொழி ஓடாது. மருந்து போட்ட மாட்டின் காலில் சிவப்புப் பட்டை கட்டி, "இதைக் கடைசியில் கற, பாலைத் தனியே ஊற்று" என்று செய்து காட்டினால் எவருக்கும் புரியும். பிறந்த கன்றுக்குச் சீம்பாலை முதல் சில மணி நேரத்துக்குள் கொடு என்று சொல்வதோடு, ஏன் என்றும் சொல்ல வேண்டும்: நேரம் போகப் போக, அதிலுள்ள நோய் தடுக்கும் சத்தை ஏற்கும் சக்தி கன்றின் குடலுக்குக் குறைந்துவிடும். காரணம் தெரிந்தவர் நள்ளிரவிலும் எழுந்து கொடுப்பார்.

ஜெர்மனியில் பண்ணைத் தொழிலில் 'மெய்ஸ்டர்' என்ற பட்டம் பெற, கால்நடை அறிவும் கணக்கும் மட்டும் போதாது. பழகுநருக்குக் கற்பிப்பதும் ஆட்களை நடத்துவதும் தேர்வில் தனிப் பகுதி. ஆசிரியர் என்ற முறையில் எனக்கு இதில் மிகவும் மகிழ்ச்சி!

சரி, நம் நாட்டில் வழி என்ன? மனிதவள அமைச்சின் கீழ் ஜே.பி.கே. என்னும் திறன் மேம்பாட்டுத் துறை இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டப்படி அது எஸ்.கே.எம். சான்றிதழ் வழங்குகிறது. முதல் இரண்டு நிலைகள் வேலை செய்கிறவருக்கு. மூன்றாம் நிலை மேற்பார்வையாளருக்கு. நான்கும் ஐந்தும் டிப்ளோமா. கால்நடை வளர்ப்பும் இந்தத் தொழில்களில் ஒன்று.

பள்ளிக்கூடப் பெஞ்சுக்குத் திரும்பாமலே இதைப் பெற இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று பி.பி.டி., அதாவது முன்பே பெற்ற திறனை அங்கீகரிப்பது. செய்த வேலைக்கான படங்கள், பதிவேட்டுப் பக்கங்கள், முதலாளியின் கடிதம் எல்லாவற்றையும் கோப்பாகத் தொகுத்தால், மதிப்பீட்டாளர் அதைப் பார்த்து, உங்களையும் கேட்டு, முடிவு செய்வார். மற்றொன்று 2005-இல் தொடங்கிய எஸ்.எல்.டி.என். பயிற்சி. அதில் 70 முதல் 80 விழுக்காடு வேலை இடத்திலேயே கற்பது, மீதி வகுப்பறையில். ஜொகூர் குளுவாங்கில் கால்நடைத் துறையின் பயிற்சிக் கழகமும் இருக்கிறது. படிக்க வயதுள்ள பிள்ளைகள் அதையும் விசாரிக்கலாம்.

பணம்? இதைக் கவனமாகப் படியுங்கள். 2021 மார்ச் முதல் விவசாயத் துறை முதலாளிகளும் மனிதவள மேம்பாட்டு நிதிக்குள் கொண்டுவரப்பட்டார்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர் உள்ள நிறுவனம் சம்பளத் தொகையில் ஒரு விழுக்காடு கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்திலிருந்து வெட்டக்கூடாது. தொழிலாளருக்குப் பயிற்சி கொடுக்கவே அந்தப் பணம். ஆகவே, "ஐயா, எனக்கு எஸ்.கே.எம். எடுக்க ஏற்பாடு செய்யுங்கள்" என்று மரியாதையோடு கேட்பது பிச்சை அல்ல. தனியே கேட்கத் தயக்கமாக இருந்தால் தொழிற்சங்கக் கிளையோடு போய்க் கேளுங்கள். சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் தரகரை மட்டும் நம்பவேண்டாம். ஜே.பி.கே. அலுவலகத்தில் நேரே விசாரியுங்கள்.

அதற்கு முன் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. கடையில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். மாட்டின் எண், பருவம் கண்ட நாள், ஊசி போட்ட நாள், காலை மாலைப் பால் அளவு, நோய், மருந்து என்று கட்டம் போடுங்கள். மலாயில் எழுதிப் பழகுங்கள், பிழை வந்தால் வரட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார்த்தி வையுங்கள். மாடு உங்களுக்குத் தெரியும், எழுத்து அதற்குத் தெரியும். நாளைக்கு மதிப்பீட்டாளர் முன் வைக்கும் கோப்பின் முதல் பக்கம் அந்த நோட்டுதான்.

தாய்மார்களே, இது ஆண்களுக்கு மட்டும் எழுதியது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மாட்டின் நடையைப் பார்த்தே காய்ச்சல் சொல்கிறவர்கள் நீங்கள். நோட்டு வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள்.